அமாவாசையில் ஓடிய தறி

அருப்புக்கோட்டையில் போய் இறங்கிய அன்று எனக்குக் குளிக்கக் கிடைத்தது ஒரு குடம் தண்ணீர். அதையும் என் சித்தப்பா மகள் பாக்கியம், சாமிக்குப் பால்குடம் கொண்டுவருகிற மாதிரி தளும்பாமல் ஏந்திக்கொண்டு வந்தாள்.

"அக்கா, பாத்து ஊத்துங்க. கீழ விழுற தண்ணி வாழைக்குப் போகணும்."

"வாழை எங்கடி இருக்கு?"

"இனிமேத்தான் வைக்கணும். தண்ணி வரட்டும்னு இருக்கேன்."

நான் பினாங்கில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் சாப்பாட்டுக் கடை நடத்துகிறவள். அங்கே குழாயைத் திருகினால் தண்ணீர். திருகாவிட்டால் வானத்திலிருந்து தண்ணீர். தாலி கட்டின கையோடு கப்பலேறிப் போனவள், தலை நரைத்த பிறகு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகள் முடிகிற சமயத்தில்தான் திரும்பி வந்தேன். பிறந்த ஊரைப் பார்த்ததும் கண் கலங்கியதா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். கலங்கியது. அவ்வளவு புழுதி.

ஊரைப் பார்க்க நான் வரவில்லை. என் அண்ணன் மகன் சென்னப்பனுக்குப் பெண் கேட்க, அவனையும் கூட்டிக்கொண்டு வந்தேன். தாய் தகப்பன் இல்லாத பிள்ளை, என் கடை பெஞ்சில் படுத்து வளர்ந்தவன். முப்பது தாண்டிவிட்டது. பாக்கியம் வீட்டுப் பின்சுவரை ஒட்டினாற்போல் குருசாமி என்பவரின் வீடு. அவருடைய மகள் சரோசா, தாய் போனபிறகு வீட்டையும் பார்த்துக்கொண்டு தறியிலும் உட்காருகிறவள். அவள் போட்டோவைப் பாக்கியம் பினாங்குக்கு அனுப்பியிருந்தாள். அதற்கு முன் நான் காட்டின போட்டோக்களை எல்லாம் சென்னப்பன் மேசையில் வைத்து அதன்மேல் விரலால் தாளம் போட்டவன். இந்தப் போட்டோவை மட்டும் தட்டவில்லை. சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். வயிற்றுக்குச் சரியாய்ச் சாப்பிடவுமில்லை. இந்தப் பெண்ணை விட்டால் இவனுக்குக் கல்யாணம் இல்லை என்று எனக்குத் தெரிந்துபோனது.

ஒரே இடைஞ்சல் அவன் தொழில். சென்னப்பன் ஜாஸ் டிரம்மர்.

பிலிப்பைன்ஸ் நாட்டு டிரம்காரர் ஒருவர் என் கடை மீன்குழம்புக்கு அடிமை. சாப்பிட்டு முடித்ததும் மேசையில் தட்டுவார். இலையெடுக்கப் போன சென்னப்பன் அங்கேயே நின்று பதிலுக்குத் தட்டுவான். பிறகு அவருடைய பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனான். கேளிக்கைப் பூங்கா நடன மண்டபத்தில் ஒரு நாள் அவருக்குக் காய்ச்சல். இவன் உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. அடுத்தது கடற்கரையில் இருக்கிற பெரிய ஹோட்டல், வெள்ளைக் கோட்டு, கழுத்தில் பட்டாம்பூச்சி மாதிரி ஒரு டை. ஊதுகிறவர் சீனர், பியானோ வாசிக்கிறவள் ஒரு சட்டைக்காரி, பாதி வெள்ளைக்காரி. நோட்டீசில் இவன் பேரைச் 'சென்' என்று சுருக்கிப் போட்டுவிட்டார்கள். நம்ம ஆள் என்று நினைத்துக் கேட்க வந்த சீனர்கள், ஆளைப் பார்த்துவிட்டு நோட்டீசை இன்னொரு தரம் பார்ப்பார்கள்.

அந்த ஜாஸை நானும் போய்க் கேட்டிருக்கிறேன். எல்லோரும் ஒழுங்காகத்தான் ஆரம்பிக்கிறார்கள். பிறகு ஒவ்வொருவராக வழிதப்பிப் போகிறார்கள். ஊதுகிறவர் எங்கோ ஒரு சந்துக்குள் நுழைகிறார். பியானோக்காரி அவரைத் தேடுகிறேன் என்று வேறு சந்துக்குள் போகிறாள். சென்னப்பன் மட்டும் இரண்டு கையையும் இரண்டு காலையும் நாலு வேலைக்கு அனுப்பிவிட்டு முகத்தைச் சும்மா வைத்துக்கொண்டிருக்கிறான். கடைசியில் எல்லோரும் ஒரே நிமிசத்தில் வீடு வந்து சேர்கிறார்கள். சனம் கைதட்டுகிறது. "தொலையாமலே இருந்திருக்கலாமேடா?" என்று கேட்டேன். "தொலைஞ்சாத்தான் அத்தை சம்பளம்" என்றான்.

பகலில் ஒரு பள்ளிக்கூடத்தில் பாண்டு வாத்தியம் சொல்லிக்கொடுக்கிற வாத்தியார். புதுப் பிள்ளைகளுக்கு வாரக்கணக்கில் குச்சியே கொடுக்க மாட்டான். நடக்கச் சொல்லுவான். காலுக்குத் தெரியாதது கைக்கு வராது என்பான். சீனப் பிள்ளை, மலாய்ப் பிள்ளை, தமிழ்ப் பிள்ளை எல்லாம் மைதானத்தைச் சுற்றிச் சுற்றி நடப்பதைப் பார்த்த ஒரு தாயார், "என் மகன் என்ன தப்புச் செய்தான்?" என்று சண்டைக்கே வந்துவிட்டாள். கிட்டார்க்காரப் பயல்கள் ஹோட்டல்களைப் பிடித்துக்கொண்ட பிறகு, இந்த எழுபதுகளில், வாத்தியார் வேலைதான் அவனுக்கு முழுச்சோறு. பெண் கேட்கப் போன சமயத்தில் இரண்டும் பாதிப்பாதி.

பாதியைச் சொன்னால் பொய் ஆகுமா? பாக்கியத்துக்குப் போட்ட கடிதத்தில் 'மாப்பிள்ளை சங்கீத வாத்தியார்' என்று எழுதச் சொல்லிவிட்டேன். கொட்டு அடிக்கிறவன் என்று சொன்னால் எங்கள் தெருவில் பெண் கொடுக்க மாட்டார்கள். கொட்டு என்றால் அவர்களுக்குச் சாவு வீடு. அடிக்கிறவர்களுக்கு வாசலிலேயே சோற்றைப் போட்டு அனுப்பிவிடுகிற புத்தி. அது கெட்ட புத்தி என்று கடலைத் தாண்டின பிறகு எனக்குத் தெரிந்தது. ஆனால் பெண் கேட்கப் போன வீட்டில் உட்கார்ந்துகொண்டு புத்தி சொல்ல முடியுமா?

மறுநாள் பெண் பார்க்கப் போனோம். எங்கள் சனத்துக்கு வீட்டுக்குள் கன்னடம், வாசலைத் தாண்டினால் தமிழ். நான் வந்ததிலிருந்து வேண்டுமென்றே தமிழே பேசினேன். கடல் தாண்டினவளுக்கு வீட்டுப் பேச்சு மறந்துபோச்சு என்று அவர்களே முடிவுகட்டிக்கொண்டு, என் எதிரிலேயே பேசினார்கள். குருசாமி மகளிடம் கன்னடத்தில் சொன்னதைத் தமிழில் சொல்லுகிறேன்: "கிழவி கழுத்தில் கிடப்பதெல்லாம் அசல்தானா என்று காபி கொடுக்கும்போது பார்த்துக்கொள்." மகள் பார்த்துவிட்டுப் போய்ச் சொன்னாள்: "சங்கிலி அசல். சிரிப்புத்தான் சந்தேகம்."

எனக்கு அந்த நிமிசமே பெண்ணைப் பிடித்துப்போனது.

கருப்பட்டிப் பணியாரமும் காராச்சேவும் வைத்தார்கள். பணியாரம் நன்றாக இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். காபி பினாங்கில் என் கடையில் கழுவி ஊற்றுகிற மாதிரி இருந்தது. பாதி குடித்திருப்பேன், குருசாமி தொண்டையைச் செருமினார்.

"நம்ம பக்கம் பொண்ணைத்தான் பாடச் சொல்லுவாக. சங்கீத வாத்தியாரே வந்திருக்கப்ப பொண்ணு என்னத்தப் பாடுறது? நீங்க ஒண்ணு பாடுங்க, கேப்போம்."

சென்னப்பன் பாடினால் என் கடை வாசலில் படுத்திருக்கிற நாய் எழுந்து எதிர்ச்சாரிக்குப் போய்விடும். அவன் என்னைப் பார்த்தான். நான் பணியாரத்தைக் கீழே வைத்தேன்.

"கப்பல் காத்து தொண்டையக் கட்டிருச்சு. கொஞ்ச நாளைக்கு வாயே தொறக்கக் கூடாதுன்னு டாக்டரு உத்தரவு."

அதோடு அவன் ஊமையானான். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் சேதி போய்விட்டது. ஒரு வீட்டிலிருந்து மிளகுப்பால், ஒரு வீட்டிலிருந்து சித்தரத்தைக் கசாயம், ஒரு வீட்டிலிருந்து மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்த பற்று. கழுத்தில் அந்தப் பற்றோடு அவன் என்னை முறைத்தான்.

"அத்தை, உண்மையச் சொல்லிருவோம்" என்று காதோடு சொன்னான்.

"சொல்லலாம். மொதப் பிள்ளை பெறக்கட்டும்."

அடுத்து வந்தது அமாவாசை. எங்கள் தெருவில் அமாவாசையன்று தறி ஓடாது. அப்படி யாராவது திருட்டுத்தனமாய் நெய்தால், நூலைச் சுமந்துகொண்டு இங்கிட்டும் அங்கிட்டும் ஓடுகிற நாடாவைத் தறியிலிருந்து கழற்றி அம்மன் கோயிலில் வைத்துவிடுவார்கள். அடுத்த அமாவாசைக்குத்தான் திரும்பக் கிடைக்கும். அதுவரை தறியும் பட்டினி, வீடும் பட்டினி. இதைச் சென்னப்பனிடம் சொல்லிவைக்க எனக்குத் தோன்றவில்லை. ஊமையிடம் யார் ஊர் விதி பேசுகிறார்கள்?

செத்தவர்களுக்குத் தண்ணீர் விடக் குருசாமி திருச்சுழிக்குப் புறப்பட்டார். என்னையும் பாக்கியத்தையும் கூப்பிட்டார். தொண்டைக்குக் காற்று ஆகாது என்று சென்னப்பனை வீட்டில் விட்டுவிட்டுப் போனோம். ஆற்றில் மணல்தான் ஓடியது. ஊற்றுத் தோண்டி, ஊறின தண்ணீரை மொண்டு காரியத்தை முடித்தார்கள். சாமி கும்பிட்டு, ஒரு செம்பில் தீர்த்தம் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினோம்.

பஸ் பாதி வழியில் பெருமூச்சு விட்டு நின்றது. முன்னாலிருந்து ஆவி வந்தது. சுற்றிலும் வெடித்துக் கிடந்த கரிசல், வேலிக்கருவை, தூரத்தில் நாலைந்து பனை.

கண்டக்டர் உள்ளே வந்தார். "தண்ணி வச்சிருக்கவுக குடுங்க. பஸ்ஸு குடிக்கணும்."

அந்த வார்த்தையைக் கேட்டதும் பஸ்ஸில் இருந்த எல்லாச் செம்பும் எல்லாத் தூக்குச்சட்டியும் சேலைக்குள் போய் ஒளிந்துகொண்டன. என் பக்கத்தில் பரளச்சி ஊர்க்காரி ஒருத்தி, மிளகாய்வத்தல் மூட்டையோடு உட்கார்ந்திருந்தாள். "நானே நாக்க நனைச்சு நனைச்சு வச்சிருக்கேன். இதுக்குக் குடிக்கக் குடுக்கணுமாம்ல!" என்றாள். பிறகு என்னிடம், "ஒங்க சீமையிலயும் பஸ்ஸு இப்பிடித்தான் நிக்குமா?"

"அங்க நின்னா மழை பேஞ்சு அதுவாக் குளுந்துரும்."

"பொய் சொன்னாலும் குளுகுளுன்னு சொல்றீக" என்று மடியிலிருந்து பொரிகடலை எடுத்துக் கொடுத்தாள்.

குருசாமிக்கு இதுதான் சமயம். ஆண்கள் பக்கத்திலிருந்து எழுந்து வந்து நின்றுகொண்டார்.

"வாத்தியாரு பாட்டு மட்டுந்தானா, வாத்தியமும் உண்டா?"

"உண்டு, உண்டு."

"வீணையா?"

"அதவிடப் பெருசு."

"தம்புராவா?"

"அதவிட எடத்த அடைக்கும்."

அவர் யோசித்துப் பார்த்தார். அதற்குமேல் அவருக்கு வாத்தியம் தெரியவில்லை. பேச்சைத் தன் பெருமைக்குத் திருப்பினார். போன அமாவாசையில் எங்கோ ஒரு தறி ஓடுகிற சத்தம் கேட்டதாம். நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய்க் கையும் களவுமாய்ப் பிடித்தாராம். பிடிபட்டது தெரு நாட்டாமை திம்மையாவின் மச்சினன். "ஆரா இருந்தா என்ன? விதின்னா விதிதான். நாடாவப் புடுங்கிட்டோம்ல." அப்போதிலிருந்து திம்மையா இவரோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லையாம்.

பஸ் நகரவில்லை. கடைசியில் குருசாமியே தீர்த்தச் செம்போடு இறங்கினார். "செத்தவுக கோவிச்சுக்கிட மாட்டாக. அவுகளும் எங்கூட வீடு வந்து சேரணும்ல" என்று சொல்லி எஞ்சினுக்குள் ஊற்றினார். அதைப் பார்த்து மற்றவர்களும் வெட்கப்பட்டுச் செம்புகளை வெளியே எடுத்தார்கள். நல்ல மனுசன்தான் என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன். பொய் கொஞ்சம் கனத்தது. பொரிகடலையை மென்று விழுங்கினேன்.

தெருவுக்குள் நுழைந்தால் குருசாமி வீட்டு வாசலில் கூட்டம். நடுவில் திம்மையா. அப்படி ஒரு சந்தோசத்தை நான் கல்யாண வீட்டில்கூடப் பார்த்ததில்லை.

"வா குருசாமி. ஒம் வீட்டுல தறி ஓடிருக்கு."

"எம் வீட்டுலயா? அமாவாசையும் அதுவுமா?"

"தெருவே கேட்டுச்சு. இந்தச் சொவத்துப் பக்கமிருந்துதான். ஓடுனதும் ஒழுங்கா ஓடலை. நொண்டி நொண்டி ஓடுச்சு."

தறி ரிப்பேர் பார்க்கிற மேஸ்திரி ஒருவர் பையோடு நின்றார். "மிதி ஒரு பக்கம் இழுக்குது, பலகை பிந்தி விழுகுது. கயிறு அறுந்துருச்சோன்னு நான் சாமானோட ஓடியாந்துட்டேன்" என்றார்.

சரோசா நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தகப்பன் கன்னடத்தில் கேட்டார்: "தறியில் உட்கார்ந்தாயா?"

"இல்லை."

"பின்னே யார்?"

தெரியாது என்று அவள் சொல்லவில்லை. அதை நான் கவனித்தேன். அவள் பார்வை போன பக்கம் பார்த்தேன். கூட்டத்துக்குப் பின்னால் சென்னப்பன், வேர்த்து விறுவிறுத்து நிற்கிறான். சட்டைக்குப் பின்னால் இடுப்பில் இரண்டு குச்சி துருத்திக்கொண்டு தெரிகிறது. பினாங்கிலிருந்து துணியில் சுற்றி, தலைமாட்டில் வைத்துப் படுத்துக்கொண்டு வந்த குச்சி. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

குருசாமி உள்ளே போனார். பாதி நெய்த சேலை தறியில் நின்றது. நாடாவைத் தானே கழற்றிக்கொண்டு வந்தார். "விதின்னா விதிதான்" என்று திம்மையாவிடம் நீட்டினார்.

சென்னப்பன் முன்னால் வந்தான். நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "வாயத் தொறந்தே, பொண்ணு கெடையாது" என்றேன். அவன் என் கையை மெதுவாக எடுத்துவிட்டான்.

"நாட்டாமை, அந்த நாடாவ வாங்காதீக. அது தறி இல்ல. நாந்தான்."

"பேசுறாகடி!" என்று ஒரு பெண் கத்தினாள். "எஞ் சித்தரத்தை!" என்றாள் இன்னொருத்தி.

"தொண்டைக்கு ஒண்ணும் இல்லம்மா. எனக்குப் பாடத் தெரியாது. நான் கொட்டு அடிக்கிறவன். வந்த நாளாத் தறிச் சத்தத்தக் கேட்டுக்கிட்டுக் கையக் கட்டிக்கிட்டுக் கெடந்தேன். இன்னிக்கு அம்புட்டும் நின்னுபோச்சு. கை தாங்கலை. விதி தெரியாது."

யாரும் நம்பவில்லை. காட்டச் சொன்னார்கள். பாக்கியம் வீட்டு நூல் அறைக்குள் எல்லோரும் முண்டியடித்தார்கள். கவிழ்த்த மரப்பெட்டி, அண்டா, நூல் மூட்டை, காலுக்கு ஒரு பலகை. உட்கார்ந்து ஆரம்பித்தான்.

"இதேதான்! இந்த நொண்டல்தான்!" என்று மேஸ்திரி குதித்தார்.

"நொண்டல் இல்ல அண்ணாச்சி. வேணும்னே பிந்தி விழுகுது."

"வேணும்னேயா? எதுக்கு?"

"ஆடுறவுகளுக்குக் காலு தானா எந்திரிக்கணும்ல."

"ஆருப்பா ஆடுறா?"

இங்கே நான் உதவி செய்ய நினைத்தேன். "மட்டமான ஆளுக இல்ல. தொரைமாரும் தொரைசானிமாரும் இடுப்பப் புடிச்சுக்கிட்டு…" என்று ஆரம்பித்து, சனத்தின் முகத்தைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டேன். பிந்திவிட்டது.

குருசாமி ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அப்ப வாத்தியாருங்கிறது?"

"நெசந்தான் மாமா. பள்ளிக்கூடத்துல சொல்லிக்குடுக்கிறேன். ஆனா அங்கயும் கொட்டுத்தான். எனக்குச் சோறு போடுறது அதுதான். அத மறைச்சுப் பொண்ணுக் கேட்டது தப்பு."

குருசாமி மகளிடம் கன்னடத்தில் சொன்னார்: "உள்ளே போ. இது நமக்கு வேண்டாம்."

சரோசா போகவில்லை. "சத்தம் கேட்டதுமே சுவர்ச் சந்து வழியாகப் பார்த்தேன். இவர்தான் என்று தெரியும்."

"தெரிந்தும் ஏன் சொல்லவில்லை?"

"நம் நாடா போவதைப் பார்த்துக்கொண்டு வாயை மூடி நிற்கிற ஆளா என்று பார்த்தேன்."

"பார்த்தாயிற்றா?" என்றேன் நான், சுத்தக் கன்னடத்தில்.

தகப்பனும் மகளும் ஒன்றாகத் திரும்பினார்கள். குருசாமி என் கழுத்துச் சங்கிலியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். சரோசாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

திம்மையாவுக்கு இதெல்லாம் எட்டவில்லை. அவருக்குத் தன் வழக்கு முடியவில்லை. "விதி தறிக்குத்தானே? கொட்டுக்கு ஏது?" என்று யாரோ கேட்டார்கள்.

"விதி தொழிலுக்கு" என்றார் திம்மையா. "கையும் காலும் சேந்து நடந்தாத் தொழில். இவருக்கு நாலும் நடக்குது. நாடாவக் குருசாமிகிட்டயே குடுங்க. தம்பி, அந்தக் குச்சிய இங்கிட்டுக் குடுங்க."

சென்னப்பன் முகம் வெளுத்தது. ஆனாலும் குச்சியை எடுத்தான்.

"அவரு வெளியூரு ஆளுல்ல? நம்ம விதி நம்ம ஆளுக்குத்தானே?" என்றார் மேஸ்திரி.

திம்மையா குருசாமி பக்கம் மெதுவாகத் திரும்பினார். மச்சினனுக்கான பழி முழுக்க அந்தத் திரும்பலில் இருந்தது. "அதயும் குருசாமியே சொல்லட்டும். நம்ம ஆளு இல்லைன்னா குச்சியத் திருப்பிக் குடுத்துருவோம், நாளைக்கே கப்பலேறட்டும். விதிய விட்டுக் குடுத்ததா இருக்கும், பரவாயில்ல. நம்ம ஆளுன்னா குச்சி கோயிலுக்கு. எதுப்பா?"

குருசாமிக்கு இக்கட்டு. அமாவாசையில் சத்தம் போட்டவனைத் தண்டிக்காமல் அனுப்புவதா? அதுவும் திம்மையா பார்த்துக்கொண்டிருக்கும்போதா? கையிலிருந்த நாடாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் படுகிற பாட்டைப் பார்க்க எனக்கே பாவமாய் இருந்தது. ஒத்தாசை மட்டும் செய்யவில்லை.

"விதின்னா விதிதான்" என்றார் கடைசியில். "குச்சி கோயிலுக்குப் போகட்டும்."

குச்சி அம்மன் காலடிக்குப் போனது, சென்னப்பன் அவர் வாயாலேயே நம்ம ஆள் ஆனான்.

மறுநாள் காலை சரோசா ஒரு ராட்டையைத் தூக்கிக்கொண்டு பாக்கியம் வீட்டுக்கு வந்தாள். சென்னப்பன் முன்னால் வைத்தாள். "அடுத்த அமாவாசை வரைக்கும் கையச் சும்மா வச்சிருக்க முடியாது ஒங்களால. தார் சுத்துங்க, நாடாவுக்குள்ள போற நூலு."

அவன் உட்கார்ந்து சுற்றினான். நூல் அறுந்தது. முடிந்து கொடுத்தாள். மறுபடியும் அறுந்தது. பின்சுவருக்கு மேலே குருசாமியின் தலை தெரிந்தது, மறைந்தது, மறுபடி தெரிந்தது. மூன்றாம் தரம் அறுந்தபோது அவரால் பொறுக்க முடியவில்லை. சுற்றிக்கொண்டு வந்து அவன் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"நூல அடிக்காதீக மாப்பிள்ளை" என்றார். "சும்மா புடிச்சாப் போதும்."

நான் சேலையை உதறிச் செருகிக்கொண்டு, கப்பல் டிக்கெட்டைத் தள்ளிப்போடச் சொல்லித் தந்தி கொடுக்கத் தபாலாபீசு எங்கே இருக்கிறது என்று விசாரிக்கப் போனேன்.